பால் வெட்டிய மணிக்கட்டை அளப்பது எப்படி

மணிக்கட்டு வலி என்று போனால் முதலில் எடுப்பது எக்ஸ்ரே. உள்ளங்கையைப் பலகையில் படிய வைத்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம். முறிவு இல்லை, தேய்மானம் வயதுக்கு ஏற்ற அளவுதான் என்று சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்புவார்கள். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட், கம்பார், பத்து காஜா பக்கத்துப் பழைய ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டி ஓய்ந்த பெண்களுக்கு இது நன்கு பழகிய கதை. வீட்டுக்கு வந்து கோடாலித் தைலம் தேய்த்துக்கொண்டு மறுநாள் வேலையைப் பார்ப்பார்கள். ஆனால் எப்போது வலிக்கிறது என்று கேட்டால் துல்லியமாகச் சொல்வார்கள். துணி பிழியும்போது, தேங்காய் துருவும்போது, அன்றைக்குக் கத்தியை இழுத்த அதே கோணத்துக்குக் கை திரும்பும்போது வலிக்கும். பலகையில் சும்மா வைத்திருக்கும்போது வலிப்பதில்லை. எக்ஸ்ரே எடுத்ததோ பலகையில் சும்மா இருந்த கையை.

அசையும்போது வரும் வலிக்குக் காரணத்தை அசைவில்தான் தேட வேண்டும். தேடும் ஆசை பழையது. ரோண்ட்கன் 1895 நவம்பரில் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். மறு ஆண்டிலேயே தாமஸ் பிரைஸ் என்ற ஸ்காட்லாந்து உடற்கூறியலாளர் உயிருள்ள கையை வெவ்வேறு நிலைகளில் படமெடுத்து, மணிக்கட்டு எலும்புகள் எப்படி இடம் மாறுகின்றன என்று எழுதிவிட்டார். ஆனால் ஒன்றின் மேல் ஒன்று நிழல் விழும் தட்டைப் படத்தில் எட்டுச் சிற்றெலும்புகளைத் தனித்தனியாகத் தொடர்வது கடினம். 1971-ல் லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் சிடி ஸ்கேன் முதல் நோயாளியைப் படமெடுத்தபோதுதான் உடலைச் சீவல் சீவலாகப் பார்க்க வழி பிறந்தது. தொண்ணூறுகளின் இறுதியில் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில், பிரவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோசஃப் கிரிஸ்கோவும் அவருடன் உழைத்தவர்களும் ஒரு முறையை உருவாக்கினார்கள். ஊசி, ஆணி, குறிமணி எதையும் எலும்பில் பதிக்காமல், ஒவ்வொரு மணிக்கட்டு எலும்பும் எவ்வளவு திரும்பியது, எந்தப் பக்கம் நகர்ந்தது என்று உயிருள்ள மனிதரிடமே அளக்கும் முறை அது. அதன் வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். கூடவே, பேராக்கின் பால்மரத் தோட்டங்களில் உழைத்த கைக்கு அதைச் செய்வதானால் எந்த இடத்தில் எதை மாற்ற வேண்டும் என்பதையும் சொல்கிறேன்.

முதலில் எலும்புகள். மணிக்கட்டின் எட்டும் இரண்டு வரிசையாக அமைந்தவை. முன்கையை ஒட்டிய வரிசையில் படகெலும்பு, பிறையெலும்பு, முப்பட்டை எலும்பு, அதன்மேல் அமர்ந்த பட்டாணி எலும்பு. விரல் பக்க வரிசையில் ட்ரபீசியம், ட்ரபீசாய்டு, தலையெலும்பு, கொக்கி எலும்பு. மணிக்கட்டை இழுக்கும் தசைநாண்கள் முதல் வரிசையைத் தாண்டிப் போய்த்தான் பற்றுகின்றன. பட்டாணி எலும்பு மட்டும் விலக்கு. ஆகவே முதல் வரிசைக்குச் சொந்த இழுப்பு கிடையாது. ரயிலில் என்ஜின் இல்லாத நடுப்பெட்டி போல, முன்னும் பின்னும் இருப்பவை தள்ளுகிற பக்கம் அது போகும். எலும்பை எலும்போடு கட்டும் இணைப்புநார்கள்தான் அதை ஒழுங்கில் வைக்கின்றன. படகெலும்பையும் பிறையெலும்பையும் சேர்த்துக் கட்டிய நார் தளர்ந்தால், ஒன்று உள்ளங்கைப் பக்கமாகவும் மற்றது புறங்கைப் பக்கமாகவும் சாயத் தொடங்கும். தொடக்கத்தில் இந்தச் சாய்வு கை ஓய்ந்திருக்கும்போது தெரிவதில்லை. பளு ஏறும்போதோ குறிப்பிட்ட கோணத்துக்குத் திரும்பும்போதோதான் தலைகாட்டும். எக்ஸ்ரே சுத்தமாக இருந்தும் வலி உண்மையாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

இனி வேலை. ஆய்வைத் திட்டமிடும் பொறியாளர் தன் கணினியைத் தொடும் முன் பால் வெட்டு எப்படி நடக்கும் என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும். வெட்டுக்கோடு இடமிருந்து வலமாகச் சரிந்து இறங்கும். ஒட்டுமரத்தில் சரிவு சுமார் 30 பாகை. ஒரு தடவைக்குச் சீவ வேண்டிய பட்டை ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன் இருந்தால் போதும். அதைவிட ஆழமாகப் போய் உள்ளிருக்கும் வளர்படையைத் தொட்டால் மரம் காயப்பட்டு முண்டு கட்டும், கங்காணியின் வாயில் விழ வேண்டியிருக்கும். ஆழம் குறைந்தால் பால் வராது. அந்த இடைவெளியைக் காப்பது தோளும் முழங்கையும் அல்ல, மணிக்கட்டுதான். பெரட்டு என்ற காலைப் பெயரழைப்பு முடிந்து இருட்டோடு நிரைக்குப் போவதற்குக் காரணம், பால்குழாய்களில் அழுத்தம் விடியுமுன் உச்சத்தில் இருப்பது. ஒரு நிரையில் 400 முதல் 600 மரம். ஒரு மரத்துக்குப் பத்து இழுப்பு என்று வைத்தாலும், 500 மரத்துக்கு ஒரு காலையில் 5,000 இழுப்பு. அதன் பிறகு மங்கு என்ற கிண்ணத்தில் சேர்ந்த பாலை ஊற்றிக் காண்டா வாளியில், அதாவது காவடிக் கம்பில் தொங்கும் வாளியில், சுமக்கிற வேலை தனி. இளமரத்தில் வெட்டுக்கோடு இடுப்பு உயரத்துக்கு மேலே தொடங்கி, ஆண்டுகள் போகப் போக முழங்காலுக்கு இறங்கும். முதிர்ந்த மரத்தில் தலைக்கு மேலே போய்விடும். கோடு இருக்கும் உயரம் மாறும்போது மணிக்கட்டு மடங்கும் விதமும் மாறுகிறது. இதைப் பார்க்காமல் திட்டம் போட்டால், எத்தனை நவீன இயந்திரம் இருந்தாலும் தவறான நிலையைத்தான் அளப்போம்.

அடுத்து அனுமதி. மலேசியாவில் சுகாதார அமைச்சின் மருத்துவமனையில் ஆய்வு செய்வதென்றால் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிய வேண்டும், மருத்துவ ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற வேண்டும். கதிர்வீச்சுக் கருவிகள் 1984-ஆம் ஆண்டு அணுசக்தி உரிமச் சட்டத்தின் கீழ் வருகின்றன. தாள் வேலையில் தாமதம் இருக்கும்; அதில் எனக்குக் குறை இல்லை. என் கவலை ஒப்புதல் படிவத்தின் மொழி பற்றியது. மலாயிலோ ஆங்கிலத்திலோ அச்சிட்ட படிவத்தில் எழுபது வயதுப் பெண்ணின் பெருவிரல் ரேகையை வாங்குவது ஒப்புதல் ஆகாது. தமிழில், தோட்டத்தில் பேசிய தமிழில், உட்கார்ந்து படித்துக் காட்ட வேண்டும். இந்தப் படத்தால் உங்கள் வலி இன்றைக்கே தீராது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். கேள்வி கேட்கவும் வேண்டாம் என்று எழுந்து போகவும் இடம் தர வேண்டும்.

கதிர்வீச்சைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். மணிக்கட்டின் ஒரு சிடி ஸ்கேனில் உடல் பெறும் பயனுறு அளவு சுமார் 0.03 மில்லிசீவர்ட் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் வானிலிருந்தும் மனிதர் இயல்பாகப் பெறுவது உலகச் சராசரியில் ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். ஆக, ஒரு கையைப் பத்து நிலைகளில் படமெடுத்தாலும் ஏறத்தாழ ஒன்றரை மாத இயல்புக் கதிர்வீச்சுதான். கிந்தா பள்ளத்தாக்கில் கருங்கல் மலையும் ஈயக் கழிவு மணலும் இருப்பதால் அந்த இயல்பு அளவே உலகச் சராசரியைவிடக் கூடுதல். மணிக்கட்டில் இரத்தம் ஊறும் மஜ்ஜையோ கதிருக்கு எளிதில் பாதிக்கப்படும் உறுப்போ அதிகம் இல்லாததால்தான் எண் இவ்வளவு சிறிதாக இருக்கிறது. ஆனால் அது கையை உடலைவிட்டு விலக்கி வைத்திருக்கும்வரைதான் பொருந்தும். கையை வயிற்றின் மேல் வைத்துப் படமெடுத்தால் கதிர் வயிற்றுக்கும் போகும்.

அதனால் கையை வைக்கும் முறைக்கு இந்த வேலையில் பெரிய பங்கு உண்டு. வழக்கமாகக் குப்புறப் படுக்க வைத்து, ஒரு கையைத் தலைக்கு மேலே நீட்டி, கை மட்டும் இயந்திர வளையத்துக்குள் போகும்படி வைப்பார்கள். இருபது வயது மாணவருக்கு இது சுலபம். முப்பது வருஷம் வாளி சுமந்த தோளுக்கு அப்படி நீட்ட வராது. வந்தாலும் இரண்டு நிமிடம் தாங்காது. அப்படிப்பட்டவரை இயந்திரத்தின் பின்புறம் நாற்காலியில் உட்கார வைத்து, கையைப் பக்கவாட்டில் வளையத்துக்குள் நீட்டச் செய்யலாம். தலையும் உடலும் கதிருக்கு வெளியே இருக்க வேண்டும், ஈயக் கவசம் போட வேண்டும். மோதிரம், வளையல் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். உலோகம் இருந்தால் படத்தில் வெள்ளைக் கீற்றுகள் பாய்ந்து எலும்பின் விளிம்பை அழித்துவிடும். வருஷக்கணக்காகக் கழற்றாமல் மணிக்கட்டில் இறுகிப்போன வளையல் இருந்தால் அந்தக் கையை விட்டுவிடுவதே மரியாதை. ஆய்வுக்காக அறுக்கச் சொல்லக் கூடாது.

கையை அசையாமல் பிடித்து வைக்க ஒரு தாங்கி செய்ய வேண்டும். மரத்திலோ அக்ரிலிக்கிலோ செய்யலாம், ஆணி கூடாது. முன்கையை ஒரு பள்ளத்தில் படுக்க வைத்துப் பட்டையால் கட்டி, விரல்கள் ஒரு பிடியைப் பற்றும்படி அமைப்பார்கள். அந்தப் பிடி திரும்பும், வேண்டிய கோணத்தில் பூட்டிக்கொள்ளும். வழக்கமான நிலைகள் இவை: நேர்நிலை, உள்ளங்கைப் பக்கம் 30 பாகையும் 60 பாகையும் மடக்கியது, புறங்கைப் பக்கம் அதே அளவு நிமிர்த்தியது, பெருவிரல் பக்கமும் சுண்டுவிரல் பக்கமும் சாய்த்தது.

இந்த இடத்தில்தான் பேராக்குக்கு உரிய மாற்றம் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பிரவுன் பல்கலைக்கழகக் குழு 2007-ல் வெளியிட்ட தரவுத்தொகுப்பில் இருப்பவர்கள் 15 ஆண்கள், 15 பெண்கள், ஆக 30 பேரின் 60 மணிக்கட்டுகள். எல்லாரும் ஆரோக்கியமானவர்கள், பெரும்பாலும் இருபதுகளில் இருந்தவர்கள். ஆரோக்கியமான எலும்பின் இயல்பு நடையை அறிய அது பொன்னான தொகுப்பு. தேய்ந்த கையை அளக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க அதுவும் வேண்டும். ஆனால் நிலைகளைப் பாடப்புத்தகத்திலிருந்து மட்டும் எடுத்தால், வலி பதுங்கியிருக்கும் கோணத்தைத் தொடாமலே திரும்பிவிடுவோம். இதற்கு முன்மாதிரியும் உண்டு. 2010-ல் அதே குழு சுத்தியல் அடிக்கும் செயலைப் பல நிலைகளாகப் பிரித்து, ஒவ்வொரு நிலையிலும் சிடி எடுத்து எலும்பசைவைக் கணக்கிட்டது. சுத்தியலுக்குச் செய்ததைப் பால்வெட்டுக் கத்திக்கும் செய்யலாம். ஒரு மரத்துண்டை நிறுத்தி, சரிவுக்கோடு வரைந்து, அலகு இல்லாத மரப்பிடி ஒன்றைக் கொடுத்து, பால் வெட்டியவரையே செய்து காட்டச் சொல்ல வேண்டும். “பாட்டி, கீழ்க்கோட்டுல எப்படி ஆரம்பிப்பீங்க, அப்படியே பிடிங்க” என்றால் போதும். கோணமானியை வைத்து அந்த நிலையை அளந்துகொள்ளலாம். கீழ்க்கோட்டில் தொடக்கம், முடிவு. உயரக்கோட்டில் தொடக்கம், முடிவு. இந்த நான்கையும் வழக்கமான நிலைகளோடு சேர்த்தால் அந்தக் கையின் வேலை முழுதும் அளவைக்குள் வந்துவிடும். இரண்டு கைகளையும் எடுக்க வேண்டும். கத்தியை ஒரு கை வழிநடத்தும், மற்றது இழுக்கும். இரண்டின் தேய்மானமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. வலி இல்லாத கை இருந்தால் ஒப்பிட அதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

படமெடுப்பதற்கு ஒவ்வொரு நிலைக்கும் சில விநாடிகளே பிடிக்கும். “மூச்சு விடலாம், பேசாதீங்க, கையை மட்டும் அசைக்காதீங்க” என்று சொன்னால் போதும். முன்கை எலும்புகளின் முனையிலிருந்து உள்ளங்கை எலும்புகள்வரை சுமார் 10 சென்டிமீட்டர் நீளத்தை 0.625 மில்லிமீட்டர் தடிமனில் சீவினால் 160 சீவல்கள். நேர்நிலைப் படத்தைத்தான் தெளிவாக, போதிய கதிர் கொடுத்து எடுக்க வேண்டும். எலும்பின் உருவம் முழுவதும் அதிலிருந்தே வரப்போகிறது. மற்ற நிலைகளில் எலும்பு எங்கே போனது என்று தெரிந்தால் போதும். அவற்றைக் குறைந்த கதிரில் எடுக்கலாம். இவ்வளவையும் ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை போன்ற ஒரு பொது மருத்துவமனையின் சிடி இயந்திரம் செய்யும். இதற்கென்று தனி இயந்திரம் வேண்டாம்.

நோயாளி வீட்டுக்குப் போன பிறகுதான் பெரும் உழைப்பு தொடங்குகிறது. சிடி படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஹவுன்ஸ்ஃபீல்ட் பெயரால் ஓர் எண் உண்டு. தண்ணீர் 0, காற்று கழித்தல் 1000. கெட்டி எலும்பு பல நூறிலிருந்து ஆயிரத்துக்கு மேல்வரை போகும். ஒரு குறிப்பிட்ட எண்ணுக்கு மேலுள்ளதெல்லாம் எலும்பு என்று கணினிக்குச் சொன்னால், அது எலும்புகளை வண்ணமிட்டுக் காட்டும். கேட்க எளிது. ஆனால் மணிக்கட்டு எலும்புகளுக்கு இடையே குருத்தெலும்பு இருக்கும் இடைவெளி ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். ஒரே புள்ளியில் பாதி எலும்பும் பாதி இடைவெளியும் விழுந்தால் அந்தப் புள்ளியின் எண் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். விளைவு, தலையெலும்பும் கொக்கி எலும்பும் ஒட்டிப் பிறந்தவை போலத் தெரியும். எல்லை எண்ணை ஏற்றினால் ஒட்டியது பிரியும், ஆனால் மெல்லிய இடங்களில் எலும்பில் ஓட்டை விழும். இளம் மாணவர்களின் படத்தில் இது சிறு தொல்லை. மாதவிடாய் நின்று பல ஆண்டான, எலும்பு அடர்த்தி குறைந்த பெண்ணின் படத்தில் பெரிய தொல்லை. வெளி ஓடே மெலிந்திருப்பதால் எந்த ஒற்றை எண்ணும் எல்லா எலும்புக்கும் பொருந்தாது. தேய்மானத்தால் விளிம்பில் முளைத்த கூர்களை எலும்பின் பகுதி என்று சேர்ப்பதா விடுவதா என்ற முடிவும் கூடவே வரும்.

இதற்குக் கையால் திருத்துவதுதான் வழி. ஒவ்வொரு சீவலாகப் பார்த்து, ஒட்டிய இடத்தைப் பிரித்து, ஓட்டையை அடைத்து, எட்டு மணிக்கட்டு எலும்புகள், இரண்டு முன்கை எலும்புகள், ஐந்து உள்ளங்கை எலும்புகள் என்று பதினைந்துக்கும் தனித்தனி வண்ணம் தீட்ட வேண்டும். பொறுமையுள்ள ஒருவருக்கு ஒரு மணிக்கட்டே மணிக்கணக்கில் எடுக்கும். மென்பொருளுக்குச் செலவு இல்லை. த்ரீடி ஸ்லைசர், ஐடிகே ஸ்னாப் இரண்டையும் இலவசமாகப் பெறலாம். பெல்ஜியத்தின் மெட்டீரியலைஸ் நிறுவனம் விற்கும் மிமிக்ஸ் என்பதும் பரவலாகப் புழங்குகிறது. எந்த மென்பொருள் என்பதைவிட யார் வரைகிறார் என்பது முக்கியம். உடற்கூறு தெரியாதவர் வரைந்தால், பிழையும் கூர்மையான வண்ணப் படமாகவே வந்து நிற்கும். யாருக்கும் சந்தேகம் வராது. ஆகவே ஒரே மணிக்கட்டை இரண்டு பேர் தனித்தனியாக வரைந்து ஒப்பிட வேண்டும். இந்தச் சரிபார்ப்பைத் தவிர்த்த அறிக்கையை நான் நம்பமாட்டேன்.

வண்ணமிட்ட சீவல்களிலிருந்து எலும்பின் மேற்பரப்பை உருவாக்குவது இப்போது ஒரு சொடுக்கு வேலை. லோரன்சன், கிளைன் என்ற இருவர் 1987-ல் வெளியிட்ட வழிமுறை, புள்ளிகளுக்கு இடையே எல்லை எங்கே ஓடுகிறது என்று பார்த்து ஆயிரக்கணக்கான சிறு முக்கோணங்களால் மேற்பரப்பைப் பின்னிவிடும். கொஞ்சம் வழவழப்பாக்கலாம், அதிகமானால் படகெலும்பின் இடுப்பு காணாமல் போய்விடும்.

இனி வருவது இம்முறையின் உயிர்நாடி. கை மடங்கும்போது எலும்பு இடம் மாறும், திரும்பும், ஆனால் வடிவம் மாறாது. ஆகவே ஒவ்வொரு நிலைக்கும் எலும்பை மீண்டும் வரைய வேண்டியதில்லை. நேர்நிலையில் ஒருமுறை செவ்வையாக வரைந்த படகெலும்பை எடுத்து, அடுத்த நிலையின் படத்தில் அது எங்கே, எப்படிப் பொருந்துகிறது என்று கணினியைத் தேட விட்டால் போதும். விடை ஆறு எண்கள்: மூன்று திசைகளில் எவ்வளவு நகர்ந்தது, மூன்று அச்சுகளில் எவ்வளவு திரும்பியது. கிரிஸ்கோ குழுவின் தொடக்க முறை எலும்பின் பொருண்மை மையத்தையும் அதன் சுழற்சித் தன்மையைக் காட்டும் அச்சுகளையும் இரண்டு நிலைகளிலும் கணக்கிட்டு ஒன்றன்மேல் ஒன்றைப் பொருத்தியது. பெஸ்ல், மக்கே என்போர் 1992-ல் எழுதிய வழிமுறையும் இதற்கு உதவும். ஒரு மேற்பரப்பின் ஒவ்வொரு புள்ளிக்கும் மறு மேற்பரப்பில் மிக நெருங்கிய புள்ளியைக் கண்டுபிடித்து, எல்லா இடைவெளிகளும் சேர்ந்து குறையும்படி எலும்பைச் சற்றே நகர்த்தும். மீண்டும் தேடும், மீண்டும் நகர்த்தும், இனிக் குறையாது என்னும்போது நிற்கும். நல்ல படமாக இருந்தால் ஒரு பாகைக்கும் ஒரு மில்லிமீட்டருக்கும் உட்பட்ட துல்லியம் கிடைக்கிறது. பட்டாணி எலும்பில் மட்டும் கவனம் வேண்டும். உருண்டையாக இருப்பதால் அது எங்கே இருக்கிறது என்பது சரியாக வரும், எவ்வளவு திரும்பியது என்பது ஏமாற்றும்.

வரிசையும் முக்கியம். முதலில் முன்கையின் பெருவிரல் பக்க எலும்பான ஆரை எலும்பைப் பொருத்த வேண்டும். ஒவ்வொரு நிலையிலும் கை இயந்திரத்துக்குள் கொஞ்சம் இடம் மாறித்தான் இருந்திருக்கும். எல்லாப் படங்களிலும் ஆரை எலும்பு ஒன்றன்மேல் ஒன்று படியும்படி சரிசெய்த பிறகு எஞ்சுவதே மணிக்கட்டின் உண்மையான அசைவு. அந்த ஆரை எலும்பிலேயே அச்சுகளையும் வரைவார்கள். ஒன்று அதன் தண்டின் நீளவாக்கில், ஒன்று பெருவிரல் பக்கம், ஒன்று உள்ளங்கைப் பக்கம். இடக்கையைக் கண்ணாடிப் பிம்பமாகப் புரட்டிவிட்டால் இரு கைகளின் எண்களையும் அருகருகே வைக்கலாம்.

ஆறு எண்களை வைத்துக்கொண்டு மருத்துவரிடம் பேச முடியாது. அதற்கு ஒரு பழைய கணிதம் கைகொடுக்கிறது. 1830-ல் பிரெஞ்சுக் கணிதர் மிஷேல் ஷால் நிறுவிய உண்மை அது: ஒரு திண்பொருள் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு எப்படிப் போயிருந்தாலும், அதை ஒரே அச்சைச் சுற்றிய ஒரு திருப்பமும் அந்த அச்சு வழியே ஒரு நகர்வுமாகச் சொல்லிவிடலாம். எலும்பின் நடுவே அந்த அச்சை ஒரு கோடாக வரைந்து காட்டினால், இது கம்பியில் கோத்தது போல இப்படித் திரும்பியது என்று எவரும் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். திருப்பம் சில பாகைகளே என்றால் அச்சின் இடம் தாறுமாறாகத் தாவும். அப்போது வரையாமல் விடுவது நல்லது.

ஆரோக்கியமான கையில் என்ன தெரிந்தது? மணிக்கட்டு முழுவதற்கும் பிரதிநிதியாகத் தலையெலும்பை வைத்துக்கொள்வார்கள். உள்ளங்கைப் பக்கம் மடங்கும்போது தலையெலும்பின் திருப்பத்தில் முக்கால் பங்கு அளவுக்குப் படகெலும்பும், பாதி அளவுக்குப் பிறையெலும்பும் கூடத் திரும்புகின்றன. புறங்கைப் பக்கம் நிமிர்த்தும்போது படகெலும்பு ஏறக்குறைய முழுப் பங்கும், பிறையெலும்பு மூன்றில் இரண்டு பங்கும் போகின்றன. வுல்ஃப், நியூ, கிரிஸ்கோ மூவரும் 2000-ல் கொடுத்த அளவுகள் இவை. ஆனால் பெருவிரல் பக்கம் சாய்ந்து நிமிர்ந்த நிலையிலிருந்து சுண்டுவிரல் பக்கம் சாய்ந்து மடங்கிய நிலைக்குப் போகும் சரிவுப் பாதை ஒன்று உண்டு. டார்ட் என்ற சிற்றம்பை எறியும்போதும் சுத்தியல் அடிக்கும்போதும் கை போகும் பாதை அது. அந்தப் பாதையில் முதல் வரிசை எலும்புகள் ஏறக்குறைய அசையாமல் நிற்க, அசைவு முழுவதும் இரண்டு வரிசைகளுக்கு இடையே நடக்கிறது என்று 2005-ல் கண்டார்கள். மணிக்கட்டு மிகக் குறைந்த தடையோடு போகும் பாதையும் அந்தச் சரிவுதான் என்பதை 2011-ல் இறந்தோர் கைகளை வைத்து அளந்தார்கள்.

பால்வெட்டுக் கைக்கு நான் எழுப்ப விரும்பும் கேள்வி இதிலிருந்தே பிறக்கிறது. கத்தி போகும் பாதை இந்த இயல்பான சரிவுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது? முழங்கால் உயரத்துக்கும் தலைக்கு மேலும் கோடு போகும்போது எவ்வளவு விலகுகிறது? விலகும் இடத்தில் படகெலும்பும் பிறையெலும்பும் ஒன்றாகப் போகின்றனவா, பிரிகின்றனவா? முன்பு சொன்ன நான்கு நிலைகளை எடுத்திருந்தால் இதற்கு எண்ணிலேயே விடை சொல்லலாம்.

எண்களோடு இன்னொரு படமும் கிடைக்கும். இரண்டு எலும்புகளின் மேற்பரப்புக்கு இடையிலான தூரத்தை ஒவ்வொரு புள்ளியிலும் அளந்து, நெருக்கமான இடத்துக்குச் சிவப்பு, விலகிய இடத்துக்கு நீலம் என்று தீட்டலாம். குருத்தெலும்பு சிடியில் தெரியாது. ஆனால் எலும்புகள் நெருங்கிவிட்ட இடத்தில் அது மெலிந்திருக்கும் என்று ஊகிக்கலாம். உறுதி செய்ய எம்ஆர்ஐ வேண்டும். ஓய்ந்த நிலையில் நீலமாக இருந்த இடம் உயரக்கோட்டு நிலையில் சிவப்பாக மாறினால், அந்தப் பெண் இத்தனை வருஷமாகச் சொல்லிவந்த கோணத்துக்குப் படத்தில் சாட்சி கிடைத்தது என்று அர்த்தம்.

முறையின் குறையையும் சொல்லிவிட வேண்டும். இது நிறுத்தி நிறுத்தி எடுத்த நிலைகளின் தொடர். ஓடும் கையின் படம் அல்ல. ஆரோக்கியமான கையில் நிறுத்தி எடுத்ததற்கும் அசையவிட்டு எடுத்ததற்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை என்று ஆம்ஸ்டர்டாம் குழு 2009-ல் காட்டியது. நார் தளர்ந்த கையில் அப்படியே இருக்கும் என்று சொல்லிவிட முடியாது. அதில் எலும்பு திடீரென்று துள்ளி இடம் மாறக்கூடும். அதற்குத்தான் கை அசையும்போதே தொடர்ந்து படமெடுக்கும் நாற்பரிமாண சிடி வந்திருக்கிறது. 16 சென்டிமீட்டர் அகலத்தை ஒரே சுற்றில் பிடிக்கும் இயந்திரங்களில் மணிக்கட்டு முழுவதும் அடங்கிவிடும். தொடக்கத்துக்கு நிறுத்தி எடுப்பதே போதும் என்பேன். பிடியில் ஒரு சுருள்வில்லோ எடையோ சேர்த்து, இழுக்கும் பளுவோடு ஒரு நிலையையாவது எடுத்தால் இன்னும் நல்லது. வில் பிளாஸ்டிக்கில் இருக்கட்டும்.

இந்த நாட்டில் மணிக்கட்டைக் கணினிக்குள் கட்டியெழுப்பத் தெரிந்தவர்கள் இல்லாமல் இல்லை. ஜொகூரில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பஜூரியும் முகமட் ரஃபிக் அப்துல் காடிரும் சிடி படங்களிலிருந்து மணிக்கட்டின் முப்பரிமாண மாதிரி செய்து, முடக்குவாதத்தில் விசை எந்த எலும்பின் மேல் எப்படி விழுகிறது என்று ஆராய்ந்து 2013-ல் நூலாகவே வெளியிட்டார்கள். பேராக்கில் ஸ்ரீ இஸ்கண்டாரில் பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது, ஈப்போவில் அரச மருத்துவக் கல்லூரி இருக்கிறது, மேருவில் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் மறுவாழ்வு மையம் இருக்கிறது. ஒன்றுக்கொன்று ஒரு மணி நேரக் கார்ப் பயணத்துக்குள்தான்.

தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்து நாளாயிற்று. செம்பனையில் நீளக்கழியில் கட்டிய அரிவாளும், மலேசிய செம்பனை வாரியம் உருவாக்கிய கான்டாஸ் என்ற மோட்டார் வெட்டியும் புழங்குகின்றன. மோட்டார் அதிர்வு மணிக்கட்டை என்ன செய்யும் என்பது தனிக் கேள்வி. அந்த வேலையில் இருப்பவர்கள் இளைஞர்கள், பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். அவர்களை நாளைக்கும் அளக்கலாம். கீழ்க்கோட்டையும் உயரக்கோட்டையும் முப்பது வருஷம் வெட்டிய பெண்களை இப்போதுதான் அளக்க முடியும்.

கடைசி வேலை கோப்புகளைப் பத்திரப்படுத்துவது. பிரவுன் குழு தன் தொகுப்பை மற்ற ஆய்வாளர்களுக்கும் திறந்துவிட்டது. அதனால்தான் உலகெங்கும் பலர் அதை வைத்துப் புதுக் கேள்விகள் கேட்க முடிந்தது. பேராக்கிலும் அப்படியே செய்ய வேண்டும். பெயரும் அடையாள அட்டை எண்ணும் நீக்கிய படங்கள், வரைந்த எலும்புகள், ஒவ்வொரு நிலைக்கும் உரிய ஆறு எண்கள். அவற்றோடு வயது, எந்தக் கையால் இழுத்தார், எத்தனை வருஷம் வெட்டினார், எந்த உயரத்துக் கோட்டில் அதிகம் வேலை செய்தார், இழுக்கும் கத்தியா தள்ளும் உளியா, வலி எந்த நிலையில் வருகிறது என்ற விவரங்கள். இந்த விவரங்களை நிரப்பத் தெரிந்தவர் ஆய்வறையில் இருக்கமாட்டார். அவரைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும், எலும்பை வரையத் தொடங்கும் முன்பே.